கேட்டோரத்து நாற்காலி

சலவை ஆலையின் பெரிய கேட்டுக்கு உள்ளே, வாட்ச்மேன் கூண்டுக்கு எதிரே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. வலது கை உடைந்தது, பின்னங்கால் ஒன்று வளைந்தது. உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாயும். சாயாமல் இருக்க வேண்டுமானால் இடது காலைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொள்ள வேண்டும். இதுவரை அதில் உட்கார்ந்தவர்கள் இரண்டே பேர். முதல் ஆளின் கதையைச் சொல்லிவிட்டால் போதும், இரண்டாவது ஆள் தானாக நடந்து வந்து உட்கார்ந்துவிடுவார்.

முதல் ஆள் பாய்லர்காரர். பாய்லர் அறையின் அனலிலேயே பாதி ஆயுள் போன மனுஷன். ஆலையில் அவருக்கு உம்மணாமூஞ்சி என்று பெயர். நேரில் மரியாதையாக உம்மணா அண்ணே. சிரிக்கத் தெரியாதவர் இல்லை. காரணம் இல்லாமல் பல்லைக் காட்ட மாட்டார், அவ்வளவுதான். "அண்ணன் சிரிச்சா அன்னைக்கு பாய்லர்ல ஏதோ கோளாறுன்னு அர்த்தம்" என்பாள் மடிப்புக் கூடத்து அக்கா. அவளுக்கு நாக்குக்கும் கைக்கும் ஒரே வேகம். ஒரு படுக்கை விரிப்பை மடித்து அடுக்குவதற்குள் ஒருத்தர் மானத்தையும் மடித்து அடுக்கிவிடுவாள்.

ஆலைக்கு வருவதெல்லாம் ஆஸ்பத்திரித் துணி. படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி. ரத்தமும் சீழும் மருந்தும் ஊறிய மூட்டைகள் வேனில் வந்து இறங்கும். இந்தத் துணிக்கு சோப்பு ஒப்புக்குத்தான். அழுக்கை எடுப்பது சோப்பு, நோயைக் கொல்வது சூடு. அந்தச் சூட்டைக் கொடுக்கிற வால்வு உம்மணாவின் கையில் இருந்தது. காலையில் வந்ததும் பாய்லரைப் பற்றவைத்து, ஆவி ஏறியதும் வால்வைத் திறந்துவிட்டு, குழாய்கள் முனகுவதைக் காது கொடுத்துக் கேட்பார். அப்புறம்தான் அவருக்குத் தேநீர் இறங்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த இடத்தில் புது மேனேஜர் வந்து சேர்ந்தார். அவர் நடந்து போனால் தாழ்வாரம் முழுக்க சென்ட் வாசனை நிற்கும். ஆள் போய் வெகுநேரம் கழித்தும் வாசனை போகாது. அதனால் சென்ட்டு என்று ஆகிவிட்டது. வந்த வேகத்தில் சென்ட்டு செய்த முதல் காரியம், எரிபொருள் செலவைக் குறைக்கிறேன் என்று பாய்லரை அணைக்கச் சொன்னது. யாராவது பார்வையிட வரும் நாளில் மட்டும் எரிந்தால் போதுமாம். மற்ற நாளெல்லாம் பச்சைத் தண்ணீர், அதில் வெளுப்புத் தூள், கடைசியில் கொஞ்சம் வாசனைத் திரவம்.

"சார், இது ஆஸ்பத்திரித் துணி" என்றார் உம்மணா.

"துணி வெள்ளையா இருக்கா?"

"இருக்கு."

"வாசனையா இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்னய்யா? கிருமி வந்து உன்கிட்ட புகார் குடுத்துச்சா?"

உம்மணா வால்வை மூடினார். அவரை உத்தமர் என்று காட்டுவதற்காக நான் இதை மறைக்கப் போவதில்லை. சொன்னதைச் செய்தார். சோற்றுக்கு வேலை பார்க்கிறவன் எல்லோரும் செய்வதுதான். குளிர்ந்த பாய்லருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து துருவைத் துடைத்துக்கொண்டு நாளை ஓட்டினார்.

ஒருநாள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து தலைமை நர்ஸம்மாவும் இன்னொருவரும் நேரில் வந்துவிட்டார்கள். நோயாளிகளுக்கு விரிப்பு படுகிற இடமெல்லாம் கொப்புளம் வருகிறது, ஆபரேஷன் புண் ஆறாமல் சீழ் பிடிக்கிறது, துணியைத் துவைக்கிறீர்களா இல்லையா என்று கேட்டார்கள். சென்ட்டு பதறவில்லை. அந்த ஆள் பதறியதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. உம்மணாவை இயந்திரக் கூடத்தின் நடுவுக்குக் கூப்பிட்டார். மடிப்புக்காரப் பெண்கள் நின்றார்கள். துணி வேன் ஓட்டுகிற உம்மணாவின் மச்சான், மனைவியின் தம்பி, சாவியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"இவன்தாம்மா. குடிச்சிட்டு பாய்லரை அணைச்சிட்டுத் தூங்கிடறான். பாவம், குடும்பஸ்தன்னு வச்சிருக்கோம்" என்றார் சென்ட்டு. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "கையைக் கட்டிக்கிட்டு மன்னிப்பு கேளுய்யா. கேக்கலைன்னா இப்பவே கிளம்பு" என்றார்.

உம்மணா குடிக்கிற ஜாதி இல்லை. கல்யாண வீட்டில்கூட ஒரு சொட்டு தொட்டதில்லை. ஆனாலும் கையைக் கட்டினார். மன்னிப்புக் கேட்டார். நர்ஸம்மா அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, செருப்பால் அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும்.

வீட்டுக்குப் போய்த் தட்டின் முன்னால் உட்கார்ந்தார், கை இறங்கவில்லை. மனைவி விஷயத்தைப் பிடுங்கி எடுத்தாள். கேட்டுவிட்டு, "குடிகாரன்னா சொன்னான்?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஆமா."

"என் தம்பி நின்னுக்கிட்டு இருந்தானா?"

"இருந்தான்."

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தான்?"

"அவனைத் திட்டாத. எனக்கே வாய் வரலை."

மறுநாள் வேலைக்குப் போகாமல் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரியம்மா இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே தேடிக்கொண்டிருந்தார். "நெத்தியில இருக்கு மேடம்" என்று உம்மணா சொன்னதில் இருவருக்கும் ஒருவித சிநேகம் ஏற்பட்டுவிட்டது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதையெல்லாம் இப்ப வந்து சொல்றீங்களே, என்ன காரணம்?" என்றார் அதிகாரியம்மா.

உம்மணாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அந்த ஆளைப் பழிவாங்கணும் மேடம்."

அந்தம்மா பேனாவை வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அது உங்க சொந்த விஷயம். நீங்க கோபத்துல சொல்றீங்களா, தர்மத்துக்குச் சொல்றீங்களான்னு சட்டம் கேக்காது. உண்மையா, இல்லையா?"

"உண்மை. வால்வை மூடினதே நான்தான்."

"அப்ப உங்க பங்குக்கு நீங்க பதில் சொல்ல வேண்டி வரும்."

"சொல்றேன்."

"சரி. இனிமே நல்லாக் கேட்டுக்குங்க. வேலை இடத்துல நடக்கிற தப்பைச் சொன்னதுக்காக உங்களை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. கீழே இறக்கக் கூடாது. மீறி ஏதாவது செஞ்சா, இதுக்காகச் செய்யலைன்னு அவங்கதான் நிரூபிக்கணும், நீங்க இல்லை. நல்லவேளை, வேலையில இருக்கும்போதே வந்தீங்க. சில பேரு சீட்டுக் கிழிஞ்ச அப்புறம் வருவாங்க. அப்ப சொன்னா, வேலை போன ஆத்திரத்துல பேசறான்னு அவங்க சொல்வாங்க. வழக்கு இழுத்துக்கிட்டே போகும்."

உம்மணா இதில் பாதியை வீட்டுக்குப் போகும் வழியில் மறந்துவிட்டார். கடைசியாகச் சொன்னது மட்டும் மனசில் ஆணி அடித்த மாதிரி நின்றது. முதலில் போய்ச் சொன்னவன் மேல் கை வைக்க முடியாது.

சுகாதார அதிகாரிகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. வந்தவரில் ஒருவர் பாய்லர் மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு சென்ட்டைப் பார்த்தார். அன்றைக்குத்தான் சென்ட்டுக்கு முதல் தடவையாக வியர்த்தது. வாசனையும் வியர்வையும் சேர்ந்து ஒரு மாதிரி நாறியதாக மடிப்பு அக்கா பிற்பாடு விவரமாகச் சொன்னாள்.

ஆலைக்கு அபராதம் விழுந்தது. முதலாளி சென்ட்டைக் கூப்பிட்டுக் காய்ச்சினார். யார் போட்டுக் கொடுத்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம். ஆனால் ஆளைத் துரத்த முடியவில்லை. வக்கீல், "தொட்டீங்க, கெட்டீங்க" என்று சொல்லிவிட்டார். பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது என்று சென்ட்டு யோசித்தார். யோசித்துக் கண்டுபிடித்ததுதான் அந்த நாற்காலி.

"உனக்கு சம்பளம் முழுசா உண்டுய்யா. வேலைதான் கிடையாது. காலையில வந்து இங்க உக்காரு, சாயங்காலம் எழுந்து போ. நீயா யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. யாராவது கேட்டா மட்டும் பதில் சொல்லு" என்றார்.

பாய்லருக்கு வேறு ஒரு ஆளைப் போட்டார். அதிகாரிகள் போனதும் பாய்லர் பழையபடி குளிர்ந்துவிட்டது. கேட்டோரம் அந்த நாற்காலியைப் போட்டதற்குக் காரணம் இருந்தது. வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்க வேண்டும். போட்டுக் கொடுத்தவன் கதி இதுதான் என்று தெரிய வேண்டும்.

சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குவது சுகம் என்று நினைக்கிறவர்கள் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். கை இரண்டும் எங்கே போவது என்று தெரியாது. முழங்காலில் வைத்தால் பிச்சைக்காரன் மாதிரி இருக்கும், மார்பில் கட்டினால் அந்த மன்னிப்பு ஞாபகம் வரும். காலை வெயில் முகத்தில் அடிக்கும். கூட வேலை பார்த்தவர்கள் தலையைக் குனிந்தபடி நுழைந்தார்கள். மச்சான் வேனை ஓட்டிக்கொண்டு உள்ளே வரும்போது எதிர்ப்பக்கத்துக் கண்ணாடியில் ஏதோ அழுக்கு இருப்பது போல அதையே பார்ப்பான். எல்லாவற்றுக்கும் மேலே சென்ட்டு. தினமும் காரிலிருந்து இறங்கி, சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு, நாலு பேர் காதில் விழும்படி ஒரே கேள்வியைக் கேட்பார்.

"என்னய்யா, வேலை ரொம்பப் பலமா?"

பக்கத்தில் நிற்பவர்கள் சம்பளத்துக்குச் சிரிப்பார்கள். உம்மணா பதில் சொல்ல மாட்டார். அந்தக் கேள்வியைக் கீழே விழாமல் பிடித்து உள்ளே வைத்துக்கொள்வார். ஒருநாள் திருப்பிக் கொடுக்க வேண்டிய பொருள் அது.

சென்ட்டு ஒன்றை மட்டும் யோசிக்க மறந்துவிட்டார். அந்தக் கேட்டு வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்காரர்களும் வருவார்கள்.

முதலில் கேட்டது ஓர் ஆஸ்பத்திரியின் ஸ்டோர் அம்மா. துணி வரவைப் பற்றிப் பேச வந்தவர், வேலை நேரத்தில் ஒரு ஆள் உடைந்த நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

"நீங்க யாருங்க? ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

உம்மணா எழுந்து நின்றார். கேட்டால் பதில் சொல்லலாம் என்பது மேனேஜர் போட்ட உத்தரவு. "நான் பாய்லர்காரன்மா. ஆஸ்பத்திரித் துணியைச் சூடில்லாம துவைக்கறாங்கன்னு அரசாங்கத்துல சொன்னேன். அதுக்காக உக்கார வச்சிருக்காங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒரு வார்த்தை கூடவில்லை, குறையவில்லை. அந்தம்மா உள்ளே போகாமல் அப்படியே திரும்பிப் போனார். அடுத்த வாரம் அந்த ஆஸ்பத்திரி மூட்டை வரவில்லை.

வாட்ச்மேனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவனுக்கும் சென்ட்டு மேல் ஒரு கணக்கு இருந்தது, மழையில் குடை கேட்டதற்கு, "நீ என்ன சர்க்கரையா கரைஞ்சு போக?" என்று கேட்டவர் சென்ட்டு. அன்று முதல் வெளியூர் வண்டி எது வந்தாலும் கேட்டைத் திறக்க அவனுக்கு நேரம் பிடித்தது.

"துருப்பிடிச்ச கேட்டுங்க. கொஞ்சம் இருங்க, எண்ணெய் விடறேன்" என்பான். எண்ணெய் டப்பா எங்கே என்று தேடுவான். வண்டியில் இருப்பவர்கள் வேறு வழியில்லாமல் நாற்காலியைப் பார்ப்பார்கள். பார்த்தால் கேட்பார்கள். கேட்டால் உம்மணா எழுந்து நிற்பார்.

"அண்ணே, நீங்க வேலை பார்த்தப்பகூட இவ்வளவு வேலை பார்த்ததில்லை" என்றான் வாட்ச்மேன் ஒருநாள்.

"கேட்டா பதில் சொல்லச் சொன்னாங்க. சொல்றேன். சொல்பேச்சு கேக்கறது தப்பா?"

மூட்டைகள் குறைந்தன. முதலாளி ஆள் அனுப்பினார். மொத்தமாக ஒரு நல்ல தொகை தருகிறோம், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடு என்றார்கள். அன்று மாலை மச்சான் வீட்டுக்கு வந்தான். அக்காவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தான், பாதியைச் சட்டையில் விட்டுக்கொண்டான்.

"மாமா, வாங்கிட்டுப் போயிடுங்க. ஒரு கடை கிடை வச்சுக்கலாம். இப்படியே போனா ஆலையே மூடிரும். என் பொழப்பும் போயிரும்."

"ஆலை மூடாதுடா. பாய்லரைப் பத்தவச்சா எல்லாம் சரியாயிடும். அதுக்கு ஒரு தீக்குச்சி போதும்."

"உங்களுக்கு என்னதான் வேணும்?"

"அந்த ஆளு அந்தக் கேட்டு வழியா வெளியே போறதை இந்தக் கண்ணால பாக்கணும். பாத்துட்டுத்தான் எழுந்திருப்பேன்."

"இது வீம்பு மாமா."

"வீம்புதான். யாரு இல்லைன்னது?"

மனைவி நடுவில் புகுந்தாள். "ஏன்டா, அன்னைக்கு இவரைக் குடிகாரன்னு சொன்னப்ப உனக்கு இந்தப் பேச்செல்லாம் எங்கடா போச்சு?" மச்சான் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினான். ஆனால் அவன் போன பிறகு அவளே, "போதும்னு தோணும்போது சொல்லுங்க. ராத்திரியில பல்லைக் கடிக்கறீங்க, பக்கத்துல படுக்க முடியலை" என்றாள்.

நாற்காலி விஷயத்தையும் உம்மணா அதிகாரியம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். அந்தம்மா ஒருநாள் நேரிலேயே வந்தார். சென்ட்டு ஓடி வந்து வணக்கம் போட்டார்.

"சம்பளத்துல ஒரு காசு குறைக்கலை மேடம். அவரு ஓய்வுல இருக்காரு."

"யாரு கேட்டாங்க ஓய்வு?"

"இல்ல... வயசாகுது, உடம்புக்கு..."

"உங்களுக்கும் அவர் வயசுதான் இருக்கும். நீங்க எங்க ஓய்வெடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு அந்தம்மா நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார். "வேலையைப் பிடுங்கிட்டு நாலு பேர் பாக்க உக்கார வைக்கிறதும் தண்டனைதான். சம்பளம் குடுத்தா சரியாப்போச்சுன்னு யாரு சொன்னது? புகாருக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு நிரூபிக்க முடியுமா உங்களால?"

முடியவில்லை. உத்தரவு வந்தது. உம்மணா பாய்லருக்குத் திரும்பினார். வால்வை மூடிய பங்குக்கு அவருக்கும் ஓர் எச்சரிக்கை வந்தது. அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பாய்லரைப் பற்றவைத்து, குழாய்கள் முனகத் தொடங்கியபோது, மடிப்புக் கூடத்திலிருந்து யாரோ விசில் அடித்தார்கள். அக்காதான், வேறு யார்.

நாற்காலி மட்டும் கேட்டோரத்தில் அப்படியே கிடந்தது. அதை எடுத்துப் போட யாருக்கும் உத்தரவு இல்லை.

இத்தோடு கதை முடிந்தது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். உம்மணா நினைக்கவில்லை. சென்ட்டு இன்னும் மேனேஜர் அறையில்தான் இருந்தார். அந்தக் கேள்வி இன்னும் உம்மணாவின் உள்ளேதான் இருந்தது.

அடுத்து முதலாளி விழித்துக்கொண்டார். போன ஆஸ்பத்திரிகளைத் திரும்பக் கூப்பிட ஒரு பலி வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் அந்த மேனேஜர் செய்த வேலை என்று வீடு வீடாகப் போகாத குறையாகச் சொல்ல ஆரம்பித்தார்.

ஒருநாள் சாயங்காலம், விளக்குப் போடும் நேரம், உம்மணா வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். மனைவி திறந்தாள். அவளுக்கு ஆளைத் தெரியவில்லை. உம்மணாவுக்கே ஒரு கணம் தெரியவில்லை, ஏனென்றால் சென்ட் வாசனை இல்லை.

சென்ட்டு உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஆள் யாரென்று புரிந்ததும் மனைவி ஒரு டம்ளர் கொண்டு வந்து நீட்டினாள். "இந்த வீட்டுல குடிக்கத் தண்ணி மட்டும்தான் சார் இருக்கு. வேற எதுவும் இவருக்குப் பழக்கமில்லை."

அவர் டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். குடிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில முதலாளி வரச் சொல்லியிருக்கார். எதுக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார். "எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டார். பாய்லரை நிறுத்தச் சொன்னதே அவர்தான். ஊருக்கு அந்தப் பக்கம் அவரோட இன்னொரு ஆலை இருக்கே, அங்க இன்னிக்கும் பச்சைத் தண்ணியிலதான் ஓடுது."

சென்ட்டு டம்ளரைக் கைக்குள் உருட்டினார்.

"நீ... நீங்க எங்க போனீங்க? யாரைப் பார்த்தீங்க? முதல்ல என்ன செய்யணும்?"

இத்தனை காலத்தில் முதல் தடவையாக நீங்க. உம்மணா அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். தித்தித்தது.

அவர் வாயில் ஒரு பதில் தயாராக வந்து நின்றது. முதல்ல முதலாளி காலைப் பிடிங்க சார், அப்புறம் மத்ததைப் பார்க்கலாம். இந்த ஒரு வாக்கியம் போதும். சென்ட்டு காலையில் நேரே முதலாளியிடம் போவார், சீட்டுக் கிழியும், அப்புறம் எந்த அலுவலகத்துக்குப் போய் எதைச் சொன்னாலும் வேலை போன ஆத்திரம் என்று ஆகிவிடும். கேட்டு வழியாக வெளியே போவார். உம்மணா கேட்டது அதுதானே. மனைவி அடுப்படி வாசலில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் தெரியும்.

ஆனால் உம்மணா மேலும் கொஞ்சம் யோசித்தார். வெளியே போவது ஒரு நிமிஷ வேலை. போனால் ஆள் வேறு ஊருக்குப் போவார், வேறு ஒரு ஆபீஸ், வேறு ஒரு சென்ட் பாட்டில். இங்கே பட்ட அவமானம் அங்கே யாருக்குத் தெரியும்? அந்தக் கேள்வியைத் திருப்பிக் கொடுக்க எந்த ஊரில் போய்த் தேடுவது? வெளியே போனவனை ஒருமுறைதான் பார்க்கலாம். உள்ளே வருகிறவனை தினமும் பார்க்கலாம்.

உம்மணா சிரித்தார். மனைவி பயந்துபோனாள்.

"சார், காலையில முதலாளியைப் பாக்காதீங்க" என்றார். "அவர் கூப்பிட்ட நேரத்துக்கு முன்னாடியே தொழிலாளர் அலுவலகத்துல போய் நில்லுங்க. கண்ணாடியை நெத்தியில வச்சுக்கிட்டு ஒரு மேடம் இருப்பாங்க. அந்த இன்னொரு ஆலையைப் பத்திச் சொல்லுங்க. முதலாளி எப்ப, எங்க வச்சு என்ன சொன்னார்னு சொல்லுங்க. சொல்லிட்டு, சொன்னதுக்கு அத்தாட்சி வாங்கிக்கிட்டு அப்புறம் ஆலைக்கு வாங்க. அதுக்கப்புறம் உங்க மேல யாரும் கை வைக்க முடியாது."

சென்ட்டு நம்பாமல் பார்த்தார். "நான் கோபத்துல சொல்றேன்னு நினைக்க மாட்டாங்களா?"

"நினைக்கட்டும். உண்மையான்னு மட்டும்தான் கேப்பாங்க. நீங்க செஞ்ச தப்புக்கு நீங்கதான் பதில் சொல்லணும், அதுல தப்பிக்க முடியாது. சொன்னதுக்காக வேலையை விட்டு எடுக்க முடியாது, அவ்வளவுதான்."

"ஏன் எனக்கு உதவி பண்றீங்க?"

"யாரு உதவி பண்றது? தண்ணியைக் குடிங்க சார், சூடாயிடப் போவுது."

எல்லாம் அந்தச் சொல்படியே நடந்தது. இன்னொரு ஆலையிலும் ஒரு கை பாய்லர் மேல் வைக்கப்பட்டு எடுக்கப்படாமல் இருந்தது. முதலாளிக்கு இரண்டாவது அபராதம். அந்த ஆலையிலும் நெருப்பு எரிய ஆரம்பித்தது. சென்ட்டு செய்ததற்குத் தனியாக விசாரணை நடக்கிறது. ஆனால் வேலையை விட்டு அவரை எடுக்க முடியவில்லை. அவசரத்தில் முதலாளி ஏற்கெனவே புது மேனேஜரைக் கொண்டு வந்து அறையில் உட்கார வைத்துவிட்டார். வக்கீல் சொன்னதால் சென்ட்டுக்கு சம்பளம் முழுசாக உண்டு. எங்கே உட்கார்ந்து என்ன வேலை பார்ப்பது என்று யாரும் சொல்லவில்லை.

முதல் நாள் கேட்டோரம் நின்றுகொண்டே இருந்தார். வெயில் ஏறியது. வேன்கள் வந்தன, போயின. மச்சான் இந்தத் தடவை கண்ணாடியைப் பார்க்கவில்லை, நேராகவே பார்த்தான். கடைசியில் வாட்ச்மேன்தான் சொன்னான்: "நாற்காலி இருக்கு சார். ராசியான நாற்காலி. இதுல உக்காந்தவர் யாரும் வேலையை இழந்ததில்லை."

சென்ட்டு உட்கார்ந்தார். நாற்காலி சாய்ந்தது. கையால் காற்றைப் பிடித்து நிமிர்ந்தார்.

"உங்களுக்கும் அந்த மேடம்கிட்ட போய்ச் சொல்ல உரிமை இருக்கு சார். நாற்காலியும் தண்டனைன்னு எனக்கு எழுதிக் குடுத்தாங்க" என்று உம்மணா அவரிடம் சொல்லத்தான் செய்தார். சட்டம் பொதுவானது, அதை ஒளித்து வைக்கக் கூடாது. ஆனால் உட்கார வைத்தது யார் என்று அந்தம்மா கேட்டால் சென்ட்டு என்ன சொல்வார்? நாற்காலியைப் போட்டது அவர்தானே.

மறுநாள் காலை உம்மணா சவரம் செய்துகொண்டு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வந்தார். மடிப்புக்காரப் பெண்கள் கும்பலாகக் கேட்டுக்குள் நுழைகிற சமயம் பார்த்து நாற்காலி முன் நின்றார். சட்டைக் கையைச் சரிசெய்தார்.

"என்ன சார், வேலை ரொம்பப் பலமா?"

யாரும் சம்பளத்துக்குச் சிரிக்கவில்லை. மனசாரச் சிரித்தார்கள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். சென்ட்டு தலையைக் குனிந்துகொண்டார். உம்மணா பாய்லர் அறைக்குப் போய் நெருப்பைப் பற்றவைத்தார். அன்று தேநீர் வெகு ருசி.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும்.

"போதுமே" என்றாள் மனைவி. "ஒருதரம் கேட்டாச்சு, நாலுதரம் கேட்டாச்சு. ஆளு செத்த பாம்பு மாதிரி இருக்காராமே. தம்பி சொன்னான்."

"அவன் என்னைக் கேட்டதுல பாதிகூட ஆகலை இன்னும்."

"பாதி ஆனா விட்டுடுவீங்களா?"

"பாதி ஆகட்டும், பாக்கலாம்."

இப்போது அவர் பல்லைக் கடிப்பதில்லை, நன்றாகத் தூங்குகிறார் என்று அவளே பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

சென்ட்டு இன்றைக்கும் அந்த நாற்காலியில்தான் இருக்கிறார். உட்காரும்போதெல்லாம் சாய்கிறார், பதறி நிமிர்கிறார், மறுபடி சாய்கிறார். உம்மணா தினமும் அதைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறார். இடது காலை அழுத்தி ஊன்றினால் சரியாக நிற்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அதை மட்டும் அவர் சொல்லவில்லை. சொல்வதாகவும் இல்லை.